ஸ்காட்டஸ் என்றால் ஐரிஷ்காரரா, ஸ்காட்லாந்துக்காரரா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். தத்துவ வரலாறு படிக்கும்போது ஜான் ஸ்காட்டஸ் என்று இரண்டு பேர் உங்களுக்கு எதிர்ப்பட்டிருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் பிரான்சு அரசவையில் இருந்த ஜான் ஸ்காட்டஸ் எரியுஜெனா அயர்லாந்துக்காரர். 1308-ல் கொலோன் நகரில் இறந்த ஜான் டன்ஸ் ஸ்காட்டஸ் ஸ்காட்லாந்துக்காரர். ஒரே பட்டப்பெயர் எப்படி இரண்டு நாட்டுக்கும் பொருந்தும் என்று தேடப்போயிருக்கிறீர்கள். எகிப்து இளவரசி, கிரேக்க மொழியில் இருட்டு, பச்சை குத்திய உடம்பு என்று ஆளுக்கொரு விளக்கம் கிடைத்திருக்கிறது. கடைசியில் "ஸ்காட்ஸ் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள்தான் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சொல் எந்த வேரிலிருந்து வந்தது என்பது ஒன்று. எந்தக் காலத்தில் யாரை இந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு யாரிடமும் உறுதியான பதில் கிடையாது. இரண்டாவதற்குப் பதில் உண்டு, அதுவும் கிட்டத்தட்ட நூற்றாண்டு வாரியாகவே சொல்லலாம். உங்கள் இரண்டு ஜான்களின் குழப்பம் தீர இரண்டாவது போதும். நான் இடைக்கால ஐரோப்பிய வரலாற்றைப் பல வருடம் கல்லூரியில் கற்பித்தவன், லத்தீன் மூலங்களை நேரடியாகப் படிப்பேன். பழைய ஐரிஷ் மொழிக்கு மட்டும் அகராதியையும் அந்தத் துறை அறிஞர்களையும் நம்பித்தான் இருக்கிறேன். வேர்ச்சொல் பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல் எழுத்தில் தோன்றுவது 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ரோமப் பேரரசின் மாகாணங்களைச் சொல்லும் ஒரு லத்தீன் பட்டியல் இருக்கிறது. வெரோனா நகரில் கிடைத்ததால் வெரோனா பட்டியல் என்பார்கள். காலம் 314-ஐ ஒட்டியது. அதன் கடைசியில் பேரரசுக்குத் தொல்லை தரும் அயல் இனங்களின் வரிசையில் ஸ்காட்டி வருகிறது, பக்கத்திலேயே வட பிரிட்டனில் வாழ்ந்த பிக்டி. அப்புறம் அம்மியானஸ் மார்செல்லினஸ் என்ற வரலாற்றாசிரியர் 360-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்காட்டியும் பிக்டியும் ஒப்பந்தத்தை மீறி பிரிட்டனின் எல்லைப்பகுதிகளைச் சூறையாடியதை எழுதுகிறார். 367-ல் நடந்த பெரிய தாக்குதலிலும் அவர்களைக் காட்டுகிறார். 398-ல் கிளாடியன் என்ற கவிஞர், ரோமத் தளபதி ஒருவரின் வெற்றியைப் பாடும்போது, ஸ்காட்டுகளின் பிணக்குவியல் கண்டு பனி உறைந்த இயெர்னே அழுதது என்கிறார். இயெர்னே என்றால் அயர்லாந்து. கொஞ்சம் கழித்து ஒரோசியஸ், அயர்லாந்தில் வாழ்வது ஸ்காட்டி இனத்தார் என்று நேராகவே எழுதிவிடுகிறார். புனித ஜெரோம் தன் எதிராளி ஒருவரைத் திட்டும்போது ஸ்காட்டுகளின் கஞ்சியைக் குடித்துக் கனத்துப்போனவன் என்கிறார். ஸ்காட்லாந்தையும் ஓட்ஸ் கஞ்சியையும் சேர்த்துச் சொல்லும் கேலிக்கு இது முன்னோடி என்று சிலர் காட்டுவார்கள். ஆனால் ஜெரோம் மனதில் இருந்தது அயர்லாந்து.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது இது: தொடக்கத்தில் ஸ்காட்டி என்பது அயர்லாந்திலிருந்து கடல் தாண்டி வந்து கொள்ளையடித்தவர்களுக்கு ரோமர்கள் பயன்படுத்திய பெயர். சீக்கிரமே அது அயர்லாந்துக்காரர் எல்லோருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. 431-ல் போப் செலஸ்டின், கிறிஸ்துவை நம்பும் ஸ்காட்டுகளுக்கு முதல் ஆயராக பல்லேடியஸ் என்பவரை அனுப்பினார் என்று ஒரு காலவரிசைக் குறிப்பு சொல்கிறது. அவர் போனதும் அயர்லாந்துக்குத்தான். ஓர் இனக்குழுவின் சொந்தப் பெயராக இது இருந்திருக்குமா என்றால், ஆதாரம் அதற்கு எதிராக இருக்கிறது. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி அயர்லாந்தின் இனக்குழுக்களைப் பெயர் பெயராகச் சொல்கிறார்; அதில் ஸ்காட்டி இல்லை. அயர்லாந்து மக்களும் தங்கள் மொழியில் பேசும்போது தங்களை இப்படி அழைத்துக்கொண்டதில்லை. லத்தீனில் எழுதும்போது மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இனி வேர்ச்சொல். 7-ஆம் நூற்றாண்டில் செவில்லா ஆயர் இசிடோர், ஸ்காட்டுகளின் சொந்த மொழியில் அந்தப் பெயருக்கு உடம்பில் ஊசியால் சித்திரம் குத்தியவர் என்று பொருள் என்றார். பச்சை குத்திய உடம்பு விளக்கம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் அதே இசிடோர் வேறோர் இடத்தில் பிக்டி மக்களுக்கும் இதே கதையைச் சொல்கிறார். பிக்டி என்ற லத்தீன் சொல்லுக்கு வண்ணம் பூசப்பட்டவர் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரனின் விளக்கம் தவறி இவன் வீட்டுக்கு வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிரேக்கத்தில் ஸ்கோடோஸ் என்றால் இருட்டு. இரவில் வரும் கொள்ளையர் அல்லது இருண்ட வடக்கில் வாழ்பவர் என்று அதை இழுத்துப் பொருத்துவார்கள். ஒலி ஒத்துப்போகிறதே தவிர, அயர்லாந்துக் கரையோர மக்களுக்குக் கிரேக்கர்கள் பெயர் வைத்தார்கள் என்பதற்கு ஒரு வரி சான்றும் இல்லை. பின்னாளில், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேசப்பட்ட பழைய மொழியான கேலிக்கிலிருந்து இனத்தைவிட்டுத் துண்டிக்கப்பட்டவன், மக்களில் சிறந்தவன் என்றெல்லாம் விளக்கங்கள் வந்தன. முதலாவது கடற்கொள்ளையர் படத்துக்கு வசதி, இரண்டாவது தேசப் பெருமைக்கு வசதி. இரண்டுக்குமே பழைய மொழிச் சான்று பலவீனம்.

ஒரு நுணுக்கமான குறிப்பு மட்டும் யோசிக்க வைக்கிறது. புனித பேட்ரிக் 5-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து எழுதும்போது சாதாரண மக்களுக்கு வேறொரு லத்தீன் சொல்லை ஓரிடத்தில் பயன்படுத்துகிறார். துறவு பூண்டவர்களைச் சொல்லும்போது ஸ்காட்டுகளின் மகன்கள், சிற்றரசர்களின் மகள்கள் என்று சேர்த்துச் சொல்கிறார். இதை வைத்து ஸ்காட்டி என்பது முதலில் போர்வீரர் வகுப்பையோ மேல்தட்டையோ குறித்திருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அது சாத்தியம்தான், ஆனால் ஒரே ஒரு எழுத்தாளரின் சில வரிகள்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்ற நான் தயங்குவேன்.

அயர்லாந்து மக்கள் தங்கள் மொழியில் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் கோய்டில், இன்றைய கேல். வேடிக்கை என்னவென்றால் அதுவும் வெளியிலிருந்து வந்த பெயர்தான் என்பது பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. வேல்ஸ் மக்களின் முன்னோர்கள் இவர்களைக் காட்டு ஆட்கள் என்ற பொருளில் அழைத்த சொல்லையே இவர்கள் எடுத்துத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். இன்றும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் நாட்டின் பெயர் அலபா, அந்த நாட்டவர் அல்பன்னாக். ஸ்காட் என்ற ஒலியே அந்தப் பெயர்களில் கிடையாது.

எகிப்து இளவரசி கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம், அது பிறந்த விதமும் பயன்பட்ட விதமும் சுவையானவை. 9-ஆம் நூற்றாண்டில் வேல்சில் எழுதப்பட்ட ஒரு வரலாற்று நூலில், செங்கடலில் எகிப்தியப் படை மூழ்கியபோது அங்கிருந்த சித்தியா (கருங்கடலுக்கு வடக்கே இருந்த பழைய நாடு) நாட்டுப் பிரபு ஒருவர் வெளியேற்றப்பட்டு, அலைந்து திரிந்து ஸ்பெயின் வந்து சேர்ந்ததாகவும், அவர் வழியினர் பின்னர் அயர்லாந்தில் குடியேறியதாகவும் வருகிறது. சித்தியா, ஸ்காட்டியா என்ற ஒலி ஒப்புமையே இதற்கு அடித்தளம். 11-ஆம் நூற்றாண்டு அயர்லாந்துத் தொகுப்புகளில் இந்தக் கதைக்குள் பாரோவின் மகள் ஸ்காட்டா முழு உருவம் பெற்றுவிட்டாள். கிறிஸ்தவ அறிஞர்கள் தங்கள் மக்களையும் பைபிள் வரலாற்றில் எங்காவது பொருத்திவிட வேண்டும் என்று பாடுபட்ட காலம் அது.

அப்புறம் அது அரசியலுக்கு வந்தது. 1301-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு போப்புக்கு எழுதிய கடிதத்தில், ட்ராயிலிருந்து வந்த புரூட்டஸ் பிரிட்டனை மூன்று மகன்களுக்குப் பங்கிட்டான், மூத்தவனுக்கு இங்கிலாந்து கிடைத்தது, ஆகவே ஸ்காட்லாந்து எங்களுக்குக் கீழ்ப்பட்டது என்று வாதிட்டார். ஸ்காட்லாந்தின் சார்பில் போப்பிடம் வாதாடிய பால்ட்ரெட் பிசெட் பதிலுக்கு ஸ்காட்டாவை இறக்கினார்: எங்கள் நாட்டுக்குப் பெயர் தந்தவள் பாரோவின் மகள், புரூட்டஸின் பங்கு எங்களைக் கட்டுப்படுத்தாது. ஒரு கட்டுக்கதைக்கு இன்னொரு கட்டுக்கதையால் பதில்! 1320-ல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப்புக்கு அனுப்பிய புகழ்பெற்ற ஆர்புரோத் கடிதத்திலும் சித்தியா, ஹெர்குலிஸ் தூண்கள் (ஜிப்ரால்டர் நீரிணை), ஸ்பெயின் வழிப் பயணம் உண்டு. இளவரசியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பெயர் கடல் தாண்டியது எப்படி? அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரைக்கும் ஸ்காட்லாந்தின் கின்டயர் முனைக்கும் இடையே குறுகலான இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்தால் எதிர்க்கரை தெரியும். இரண்டு கரைகளிலும் பரவிய அரசு தால் ரியாட்டா. 731-ல் தன் வரலாற்றை முடித்த ஆங்கிலத் துறவி பீட், ரெவ்டா என்ற தலைவனின் கீழ் அயர்லாந்திலிருந்து ஸ்காட்டுகள் வந்து பிக்டுகளிடையே இடம் பிடித்தார்கள் என்கிறார். பாடநூல்களில் இது 500-ஐ ஒட்டிய குடியேற்றமாக வரும். ஆனால் 2001-ல் தொல்லியல் அறிஞர் ஈவன் கேம்ப்பெல், அப்படி ஒரு பெரிய குடியேற்றம் நடந்ததற்கான தடயம் மண்ணில் இல்லை, மேற்குக் கரையில் முன்பிருந்தே கேலிக் பேசியிருக்கலாம் என்று வாதிட்டார். இந்த விவாதம் முடியவில்லை. எனக்கு அவர் பக்கம் சாய்வு உண்டு, ஆனால் முழுவதும் அல்ல. மொழி பரவுவதற்கு எப்போதும் பானை ஓடு சாட்சி சொல்லிக்கொண்டிருக்காது.

எப்படியானாலும் 563-ல் அயோனா தீவுக்குப் போன கொலும்பாவும் அவருடைய துறவிகளும் லத்தீன் கணக்கில் ஸ்காட்டுகளே. அயர்லாந்திலோ ஹெப்ரிடீஸ் தீவுகளிலோ, கேலிக் பேசினால் அவர் ஸ்காட். அடுத்த திருப்பம் 9-ஆம் நூற்றாண்டில். கென்னத் மக்கால்பின் ஸ்காட்டுகளையும் பிக்டுகளையும் 843-ல் இணைத்தார் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 858-ல் அவர் இறந்தபோது அயர்லாந்து ஆண்டுக்குறிப்புகள் அவரைப் பிக்டுகளின் மன்னர் என்றுதான் எழுதின. 900-ல் அவர் பேரன் இறந்தபோது அலபாவின் மன்னர் என்று எழுதின. இடையில் கிழக்கிலும் கேலிக் மொழி மேலோங்கியது, பிக்டு மொழி மறைந்துபோனது. கேலிக் பேசும் அரசு என்பதால் வெளியார் அதை ஸ்காட்டுகளின் அரசு என்றார்கள்.

இந்த மாற்றத்தை ஒரே நூலில் பார்க்க வேண்டுமானால் ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டை எடுங்கள். 891-ஆம் ஆண்டுக் குறிப்பில் மூன்று ஸ்காட்டுகள் துடுப்பே இல்லாத படகில், ஏழு நாளைக்கான உணவோடு, அயர்லாந்திலிருந்து ஆல்ஃபிரட் மன்னரிடம் வருகிறார்கள். இரண்டரை மாட்டுத்தோலில் செய்த படகு. கடவுளுக்காக எங்காவது பரதேசம் போனால் போதும், எங்கே என்று கவலையில்லை என்று கிளம்பிவந்த துறவிகள் அவர்கள். அதே நூலில் 920-ஆம் ஆண்டுக் குறிப்பில் ஸ்காட்டுகளின் மன்னர் இங்கிலாந்து மன்னரைத் தன் தலைவராக ஏற்றதாக வருகிறது. அந்த மன்னர் ஆண்டது வட பிரிட்டனில். அதற்காக பழைய பொருள் மறுநாளே செத்துவிடவில்லை. 1005-ல் அயர்லாந்தின் பிரையன் போரு ஆர்மா நகருக்கு வந்தபோது, அங்கிருந்த புனித நூலில் அவரை ஸ்காட்டுகளின் பேரரசர் என்று எழுதிவைத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இரண்டு பொருளும் அக்கம்பக்கமாக ஓடின.

இப்போது உங்கள் முதல் ஜானுக்கு வருவோம். ஸ்காட்டஸ் எரியுஜெனா என்ற பெயரில் இரண்டாவது சொல்லுக்கு அயர்லாந்தில் பிறந்தவர் என்று பொருள், முதல் சொல்லுக்கும் அன்று அதேதான். பிரான்சின் மன்னர் வழுக்கைச் சார்லஸ் விருந்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு சோட்டுக்கும் ஸ்காட்டுக்கும் என்ன தூரம் என்று கேட்டாராம். சோட் என்றால் முட்டாள். "இந்த மேசை மட்டும்தான்" என்றாராம் ஜான். இதை எழுதிவைத்தவர் சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகள் பிந்திய மால்ம்ஸ்பரி வில்லியம், ஆகவே நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஐரோப்பியக் கண்டத்தில் பழைய பொருள் இன்னும் அதிக நாள் பிழைத்தது. வியன்னாவுக்குப் போயிருந்தால் ஷாட்டென்டோர் என்ற மெட்ரோ நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள், ஷாட்டென் என்றால் ஜெர்மனில் ஸ்காட்டுகள். அங்குள்ள ஸ்காட்டுகள் மடத்தால் வந்த பெயர் அது. ஆனால் 1155-ல் அந்த மடத்தை அமைக்க ஆஸ்திரிய ஆட்சியாளர் வரவழைத்தது ரீகன்ஸ்பர்க் நகரிலிருந்த ஐரிஷ் துறவிகளை. அந்த ரீகன்ஸ்பர்க் மடத்தின் கதை இன்னும் தமாஷ். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஐரிஷ் துறவிகள் குறைந்துபோயிருந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள், ஸ்காட்டுகளின் மடம் என்றால் அது எங்களுடையதுதானே என்று ரோமில் வாதாடி அதை வாங்கிக்கொண்டார்கள். 1862-ல் மூடப்படும்வரை அவர்கள் கையில்தான் இருந்தது. ஒரு சொல்லின் பொருள் மாறியதை வைத்து ஒரு சொத்தே கைமாறியிருக்கிறது.

ஸ்காட்லாந்துக்குள்ளேயே அந்தப் பெயர் தெற்கே இறங்க நாளாயிற்று. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்டியா என்றால் பெரும்பாலும் ஃபோர்த் முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள நிலம்தான். மன்னர்கள் தங்கள் சாசனங்களைப் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஸ்காட்டுகள், காலோவே மக்கள் என்று தனித்தனியே விளித்து எழுதினார்கள், அத்தனை பேரும் ஒரே மன்னரின் குடிகள். ட்ரைபரோ மடத்து ஆதாம் என்ற துறவி தன் மடம் ஆங்கிலேயரின் நிலத்தில், ஸ்காட்டுகளின் அரசுக்குள் இருக்கிறது என்று எழுதுகிறார். உங்கள் இரண்டாவது ஜான் பிறந்த டன்ஸ் ஊரும் அதே எல்லைப் பகுதிதான். ஒரு நூற்றாண்டு முன்னால் பிறந்திருந்தால் அவரை ஸ்காட் என்று உள்ளூரில் யாரும் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். அவர் பிறந்த 1266 வாக்கில் மன்னரின் குடிகள் எல்லோருமே ஸ்காட்டுகள் என்ற நிலை வந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய திருப்பம் இனிமேல்தான், பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்று ஸ்காட்ஸ் என்பது ஒரு மொழியின் பெயரும்கூட. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவான அந்த மொழியைச் சுமார் 15 லட்சம் பேர் பேசுவதாக ஸ்காட்லாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. 2025-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் கேலிக்குடன் சேர்த்து அதற்கும் அலுவல் தகுதி தந்தது. ஆனால் அந்த மொழியைப் பேசியவர்கள் 15-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை அதை இங்கிலிஸ் என்றே அழைத்தார்கள். அவர்களிடம் ஸ்காட்டிஸ் என்றால் கேலிக். 1500-ஐ ஒட்டி அது தலைகீழானது. 1513-ல் வெர்ஜிலின் காவியத்தை மொழிபெயர்த்து முடித்த கவிஞர் கேவின் டக்ளஸ், தான் எழுதுவது ஸ்காட்டிஸ் மொழி என்றார். கேலிக்கை எர்ஸ், அதாவது ஐரிஷ் என்று சொல்லத் தொடங்கினார்கள். கேலிக் பேசியதால் அரசுக்கு வந்த பெயர், கடைசியில் கேலிக்குக்கே இல்லாமல் போய்விட்டது.

நீங்கள் போகிறபோக்கில் கேட்ட ஸ்காட்ஸ், ஸ்காட்டிஷ், ஸ்காட்ச் வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்கள். ஸ்காட்ஸ் வடக்கத்திய வடிவம், ஸ்காட்ச் தெற்கே சுருங்கிய வடிவம். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரர்களே ஸ்காட்ச் என்று தாராளமாகச் சொன்னார்கள். பிறகு அது பிடிக்காமல் போயிற்று, இன்று மனிதரை அப்படி அழைத்தால் முகம் சுளிப்பார்கள். விஸ்கி, சூப், முட்டைப் பண்டம் போன்றவற்றுக்கு மட்டும் அது தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் தண்டனையில்லாமல் தப்பிப்பதைச் சொல்லும் ஸ்காட்-ஃப்ரீயில் உள்ள ஸ்காட் வேறு சொல், பழைய வரியின் பெயர் அது. அதை வைத்து ஸ்காட்லாந்துக்காரரின் கஞ்சத்தனம் என்று கதை சொல்பவர்களை நம்பாதீர்கள்.

நமக்குப் பழக்கமான ஒருவரிடமும் இந்தக் குழப்பம் உண்டு. கால்டுவெல்லை ஒரு நூல் அயர்லாந்துக்காரர் என்கிறது, இன்னொன்று ஸ்காட்லாந்துக்காரர் என்கிறது. 1814-ல் அவர் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், பெற்றோர் ஸ்காட்லாந்து வழியினர், வளர்ந்ததும் படித்ததும் கிளாஸ்கோவில். 1609-ஐ அடுத்து ஆங்கில அரசு வட அயர்லாந்தின் அல்ஸ்டரில் ஸ்காட்லாந்துக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் குடியேற்றியது. அவர்களை அல்ஸ்டர் ஸ்காட்ஸ் என்பார்கள். முன்பு எந்தக் கரையிலிருந்து அந்தப் பெயர் கிளம்பியதோ, அதே கரைக்குத் திரும்பி வந்து, அங்கே ஐரிஷ் அல்லாதவர் என்று பொருள்படத் தொடங்கியது.

இனிப் படிக்கும்போது உதவியாக ஒரு நடைமுறை: 1000-க்கு முன் ஸ்காட்டஸ் என்று கண்டால், எதிர்ச் சான்று இல்லாதவரை அயர்லாந்துக்காரர் என்று எடுங்கள். 1200-க்குப் பின் ஸ்காட்லாந்து என்று எடுங்கள். அரிஸ்டாட்டிலை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்த மைக்கேல் ஸ்காட்டுக்கு 1224 வாக்கில் போப் அயர்லாந்தின் கேஷல் பேராயர் பதவியைக் கொடுத்தார். எனக்கு அந்த ஊர் மொழி தெரியாது என்று அவர் மறுத்துவிட்டார். இடைப்பட்ட இரண்டு நூற்றாண்டுகளில் பெயரை மட்டும் நம்பாமல் ஆளைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். மைன்ஸ் நகரில் இறந்த மரியானஸ் ஸ்காட்டஸ் நல்லவேளையாக, 1056-ல் அயர்லாந்தைவிட்டுக் கிளம்பியதைத் தன் நூலிலேயே எழுதிவைத்திருக்கிறார்.